வெண்கலத்தில் ஒரு கையெழுத்து, அடித்தளத்தில் எலி கடித்த தாள்

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில், கோர்ட்னி பிளேஸ் என்ற தெரு முடிகிற இடத்தில், கென்ட் டெரஸ், கேம்பிரிட்ஜ் டெரஸ் என்ற இரண்டு சாலைகளுக்கு நடுவே உள்ள திட்டில் விக்டோரியா மகாராணி நிற்கிறார். இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். சாலையைக் கடந்து, பீடத்தின் அருகே போனால்தான் அதில் பதித்திருக்கும் வெண்கலப் பலகைகள் கண்ணில் படும். அவற்றில் ஒன்று, 1840 பிப்ரவரி 6 அன்று, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசுடன் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட காட்சி.

சிலையையும் பலகையையும் செய்தவர் ஆல்ஃபிரட் ட்ரூரி. லண்டனில் பெயர் பெற்றிருந்த சிற்பி. அவர் பிறந்தது 1856-இல், அதாவது அந்தக் கையெழுத்து நடந்து 16 ஆண்டுகள் கழித்து. 1901-இல் மகாராணி இறந்ததும் அவர் நினைவாக எழுப்பப்பட்ட இந்தச் சிலை 1905-இல் திறந்து வைக்கப்பட்டது. முதலில் துறைமுகத்தை ஒட்டிய சதுக்கத்தில் இருந்தது, சில ஆண்டுகளில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது.

புடைப்புச் சிற்பம் பாதி ஓவியம், பாதி சிலை. முன்னால் நிற்பவர்கள் பலகையை விட்டு எழும்பி வருவார்கள். பின்னால் இருப்பவர்கள் வெறும் கோடாகத் தேய்ந்துவிடுவார்கள். யாரை எவ்வளவு எழுப்புவது என்பது சிற்பியின் கையில் இருக்கிறது. அப்புறம், ஒரு பலகையில் ஒரே ஒரு கணத்தைத்தான் வைக்க முடியும். ஒப்பந்தம் என்று சொன்னதும் எல்லாச் சிற்பிகளும் தேர்ந்தெடுக்கும் கணத்தையே ட்ரூரியும் எடுத்துக்கொண்டார்: தாளில் கை படுகிற கணம். அதில் தவறு இல்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை வெண்கலம் சொல்லாது. நியூசிலாந்தின் கதையே அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

இதை அமைதி ஒப்பந்தம் என்று சொல்லலாமா? ஒரு போர் முடிந்து, தோற்றவரும் வென்றவரும் உட்கார்ந்து எழுதியது அல்ல இது. 1840-இல் அந்தத் தீவுகளில் மாவோரிகள் சுமார் 80,000 பேர், வெள்ளையர்கள் சுமார் 2,000 பேர்தான். படைபலத்தை வைத்து மிரட்டும் நிலையில் பிரிட்டன் அப்போது அங்கே இல்லை. அதே சமயம், முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் துப்பாக்கி கிடைத்த மாவோரிக் குலங்கள் ஒன்றோடொன்று மோதி ஆயிரக்கணக்கானோர் மடிந்திருந்தார்கள். கரையோரத்தில் வந்து குவிந்த வெள்ளையர்களைக் கட்டுப்படுத்த ஆளே இல்லை. நிலம் வாங்கும் வியாபாரிகள் வேறு கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில் அமைதியும் ஒழுங்கும் காப்போம் என்பதைத்தான் ஒப்பந்தத்தின் முன்னுரையே வாக்குறுதியாகச் சொல்கிறது. மாவோரி வாசகத்தில் அதற்கு வரும் சொல் ‘ரோங்கோ’. சமாதானம் என்று பொருள்.

பலகையில் வராத நாள் ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 5.

ஆளுநர் பொறுப்பேற்க வந்த கப்பற்படை அதிகாரி வில்லியம் ஹாப்சன், ஜனவரி 29 அன்று கரை இறங்கினார். ஆயத்த வாசகம் எதுவும் அவர் கையில் இல்லை. அவரும் அவருடைய செயலரும், ஏற்கெனவே அங்கே பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியும் சில நாட்களில் ஆங்கில வரைவை எழுதி முடித்தார்கள். பிப்ரவரி 4 மாலை அது ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியார் கைக்குப் போனது. அவரும் அவர் மகன் எட்வர்டும் ஒரே இரவில் அதை மாவோரியில் மொழிபெயர்த்தார்கள். ஒரு நாட்டின் தலையெழுத்து அந்த ஒரு ராத்திரி வேலையில் இருந்தது.

மறுநாள் வைத்தாங்கி என்ற ஊரில், பஸ்பியின் வீட்டு முன்னால் உள்ள புல்வெளியில், கப்பல் பாய்களைக் கட்டிப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கொடிகள். ஹாப்சன் ஆங்கிலத்தில் படிக்க, வில்லியம்ஸ் மாவோரியில் படித்தார். பிறகு தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். முதலில் பேசிய பலரும் எதிர்த்தார்கள். தே கெமாரா என்ற தலைவர், எல்லோரும் சமம் என்றால் சரி, ஆனால் ஆளுநர் மேலே மேலே மேலே, தே கெமாரா கீழே, புழுவைப் போலக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம் என்றார். எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று பஸ்பியையும் வில்லியம்ஸையும் பார்த்தே கேட்டார். பேச்சு மணிக்கணக்கில் போனது. ஹோனே ஹெக்கே, தாமாத்தி வாக்கா நேனே, அவருடைய அண்ணன் பத்துவோனே ஆகியோர் ஆதரித்துப் பேசிய பிறகுதான் காற்று திசை மாறியது. அன்று இரவு முழுவதும் ஆற்றின் மறுகரையில் தலைவர்கள் தங்களுக்குள் விவாதித்தார்கள்.

அடுத்த கூட்டம் 7-ஆம் தேதி என்றுதான் பேச்சு. ஆனால் சாப்பாடு போதவில்லை, ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். அதனால் 6-ஆம் தேதியே கூடிவிட்டார்கள். கப்பலில் இருந்த ஹாப்சனுக்கு இது தெரியாது. சொல்லி அனுப்பியதும் அவசர அவசரமாகப் படகில் வந்து சேர்ந்தார். சாதாரண உடுப்பு, தலையில் மட்டும் கப்பற்படைத் தொப்பி. பின்னாளில் இந்தக் காட்சியை வரைந்த ஓவியர்கள் அவருக்கு முழுச் சீருடை மாட்டிவிட்டார்கள். எனக்கு என்னவோ அந்தச் சாதாரண உடுப்புதான் உண்மையை அதிகம் சொல்வதாகப் படுகிறது. எல்லாம் அரைகுறை ஆயத்தத்தில், அவசரத்தில் நடந்தது.

முதல் ஆளாக ஹோனே ஹெக்கே முன்னால் வந்தார். அப்போது ஒருவர் குறுக்கே புகுந்து ஹாப்சனிடம் கேட்டார்: இந்த மக்களுக்கு இதில் எழுதியிருப்பது புரிந்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா? புரியவில்லை என்றால் அது என் தப்பு இல்லை, வில்லியம்ஸ் படித்துக் காட்டியதை அவர்கள் கேட்டார்கள் என்கிற தோரணையில் ஹாப்சன் பதில் சொன்னார். கையெழுத்து தொடர்ந்தது. ஒவ்வொருவர் கையெழுத்திட்டதும் ஹாப்சன் கைகுலுக்கி, ‘ஹே இவி தாஹி தாத்தோவ்’ என்றார். நாம் இப்போது ஒரே மக்கள் என்று பொருள். அன்று 40-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முந்தின நாள் அவ்வளவு எதிர்த்த தே கெமாராவும் அவர்களில் ஒருவர். சிலர் பெயரை எழுதினார்கள். வேறு சிலர் தங்கள் முகத்தில் குத்தியிருந்த ‘மோக்கோ’ என்ற பச்சையின் ஒரு வளைவை அப்படியே தாளில் வரைந்தார்கள். தன் முகத்தையே சாட்சியாக வைப்பதுபோல.

குறுக்கே புகுந்து கேட்டவர் வில்லியம் கொலென்சோ. மிஷன் அச்சகத்தின் அச்சுக்காரர். அந்த இரண்டு நாட்களில் யார் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணமே அவர் எடுத்து வைத்த குறிப்புகள்தான். ஐம்பது ஆண்டு கழித்து, 1890-இல்தான் அவை புத்தகமாக வந்தன. ஒப்பந்தத்தின் மாவோரி வாசகத்தை அச்சிட்டவரும் இவரே. பிப்ரவரி 17 அன்று 200 பிரதிகள்.

இவர் பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர்கள் சிலர் நிமிர்ந்து உட்காரலாம். ஆமாம், ‘தமிழ் மணி’யைக் கண்டெடுத்த அதே கொலென்சோதான். நாட்டின் வடக்குப் பகுதியில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு வெண்கல மணியின் மேல்பகுதி அவர் கண்ணில் பட்டது. இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அது எப்படி அவ்வளவு தூரம் போனது என்பது இன்றும் அவிழாத முடிச்சு. 1899-இல் கொலென்சோ இறந்தபோது அதை அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். இன்று அது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ட்ரூரியின் பலகையிலிருந்து அந்த அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். வார்த்தைகள் எதிரே இருப்பவருக்குப் புரிகிறதா என்று ஒப்பந்த மேசையருகே கவலைப்பட்டவர், தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து என்பதற்காக ஒரு சமையல் பாத்திரத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

சரி, அந்த ஒரே இரவு மொழிபெயர்ப்புக்கு வருவோம்.

ஆங்கில வாசகத்தின் முதல் பிரிவில், தலைவர்கள் தங்கள் இறையாண்மை முழுவதையும் மகாராணிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரி வாசகத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘காவனதங்க’. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி நாக்கு ‘காவன’ என்று ஆக்கிக்கொண்டது, நாம் கவர்னரை அப்படியே எடுத்துக்கொண்டதுபோல. அதோடு ‘தங்க’ என்ற விகுதி. தமிழில் கிட்டத்தட்ட ‘கவர்னர்த்தனம்’ என்று சொல்லலாம் (தனமும் தங்கவும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல்தான்). இந்தச் சொல்லைப் பாதிரிமார் பைபிள் மொழிபெயர்ப்புக்காக உருவாக்கிப் பழக்கத்தில் விட்டிருந்தார்கள். பைபிளில் வரும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பதவி, அவ்வளவுதான். ஒரு ஆளுநர் வந்து வெள்ளையர்களை அடக்கி நிர்வாகம் பார்ப்பார் என்பதே அதைக் கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இரண்டாவது பிரிவு இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில், நிலம், காடு, மீன்பிடி ஆகியவற்றை மாவோரிகள் தொல்லையில்லாமல் அனுபவிக்கலாம் என்று இருக்கிறது. மாவோரியில், நிலங்கள், ஊர்கள், ‘தவோங்க’ என்ற அருஞ்செல்வங்கள் அனைத்தின் மீதும் ‘தினோ ரங்கதிரதங்க’ தலைவர்களிடமே இருக்கும் என்று உறுதி தரப்படுகிறது. ரங்கதிர என்றால் தலைவர். முழுமையான தலைமை அதிகாரம் என்று தமிழில் சொல்லலாம். ஆக, ஆங்கிலத்தில் முதல் பிரிவில் போய்விட்ட அதிகாரம், மாவோரியில் இரண்டாவது பிரிவில் பத்திரமாக வீட்டிலேயே இருக்கிறது.

இறையாண்மைக்கு மாவோரியில் சொல்லே இல்லாமலா போனது? அதுவும் இல்லை. 1835-இல் இதே பஸ்பியின் முயற்சியில் 34 தலைவர்கள் கையெழுத்திட்ட சுதந்திரப் பிரகடனத்தை மாவோரியில் எழுதியவர் இதே வில்லியம்ஸ். அதில் ‘மனா’ என்ற சொல் இருந்தது. மனா என்பது ஒரு தலைவனின் அதிகாரம், மதிப்பு, ஆற்றல் எல்லாம் சேர்ந்தது. உங்கள் மனாவைக் கொடுத்துவிடுங்கள் என்று அந்தப் புல்வெளியில் வாசித்திருந்தால் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்கள். வில்லியம்ஸ் தெரிந்தே தவிர்த்தாரா, அவசரத்தில் கையில் கிடைத்த சொல்லைப் போட்டாரா என்பதில் வரலாற்றாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஐந்து ஆண்டுக்கு முன் தானே எழுதிய சொல்லை ஒருவர் ஒரே இரவில் மறந்திருப்பார் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பலகையைப் பார்க்கிறவர்கள், எல்லாம் அந்த ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் தாள்கள் நாடு முழுவதும் மாதக்கணக்கில் பயணம் செய்தன. கப்பலில், கால்நடையாக, பாதிரிமார் கையில், ராணுவ அதிகாரி கையில். செப்டம்பர் 3 வரை கையெழுத்துகள் சேர்ந்துகொண்டே இருந்தன. மொத்தம் ஒன்பது தாள்கள், 500-க்கும் மேற்பட்ட பெயர்கள். குறைந்தது 13 பேர் பெண்கள். இவர்களில் ஆங்கில வாசகத்தில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர் மட்டுமே. மற்ற எல்லோரும் மாவோரி வாசகத்தில். வைக்காட்டோ பகுதியின் தே வேரோவேரோ போன்ற பெரும் தலைவர்கள் சிலர் கடைசிவரை கையெழுத்திடவே இல்லை. அதற்குள் மே 21 அன்றே, தாள்கள் திரும்பி வரக் காத்திருக்காமல், முழு நாடும் பிரிட்டனுடையது என்று ஹாப்சன் அறிவித்துவிட்டார்.

முதல் கையெழுத்திட்ட ஹோனே ஹெக்கேவுக்கு நான்கே ஆண்டில் மனம் கசந்தது. கொரோராரெக்கா ஊருக்கு மேலே இருந்த குன்றில் பிரிட்டிஷ் கொடி பறந்த கம்பத்தை 1844 ஜூலையில் வெட்டிச் சாய்த்தார்கள் அவருடைய ஆட்கள். திரும்ப நட்டார்கள், திரும்ப வெட்டினார். நான்காவது முறை, 1845 மார்ச் 11 அன்று, அது போராகவே வெடித்தது. ஒப்பந்தத்துக்கு அவரோடு சேர்ந்து வாதாடிய தாமாத்தி வாக்கா நேனே அந்தப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றார். 1860-களில் போர் வடக்குத் தீவின் நடுப்பகுதிக்குப் பரவியது. ‘கிளர்ச்சி’ செய்தவர்களின் நிலத்தை எடுத்துக்கொள்ள 1863-இல் சட்டம் போட்டு, சுமார் 30 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்தார்கள். கிளர்ச்சியில் சேராதவர்களின் நிலமும் அதில் போனது. 1877-இல் ஒரு வழக்கில் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், நாட்டை விட்டுக்கொடுத்த ஆவணம் என்ற அளவில் இந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட மதிப்பே இல்லை, வெறும் சூனியம் என்றார்.

ட்ரூரியின் வெண்கலம் வந்து இறங்கியது இதற்குப் பிறகு. அதனால்தான் அந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். 1905-இல், ஒப்பந்தக் காட்சி வெண்கலத்தில் வார்க்கப்பட்டு, தலைநகரில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது. 1908-இல், டாக்டர் ஹாக்கென் என்ற சேகரிப்பாளர் அதே நகரத்தின் அரசு அலுவலகக் கட்டடத்தில் பழைய ஆவணங்களைத் தேடுகிறார். அடித்தளத்தில் அசல் ஒப்பந்தத் தாள்கள் கிடைக்கின்றன. தண்ணீர் பட்டு நைந்திருந்தன. எலிகள் கடித்திருந்தன. பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான தோல் தாளில் பெரிய பெரிய இடங்கள் காணாமல் போயிருந்தன. எத்தனையோ பெயர்கள், எத்தனையோ முகக் கோடுகள் எலிகளின் வயிற்றுக்குள் போயிருந்தன. 1877-இல் நகல் அச்சடித்து வைத்திருந்ததால்தான் அங்கே யார் யார் இருந்தார்கள் என்றாவது தெரிகிறது. 1841-இல் ஆக்லாந்தில் அலுவலகம் தீப்பிடித்தபோது ஒரு எழுத்தர் ஓடிப்போய் இதே தாள்களைக் காப்பாற்றியிருந்தார். தீயில் தப்பியவை, கவனிப்பாரில்லாமல் எலிக்கு இரையாயின.

நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய ஒன்றை, கிடங்கில் மக்கவிட்ட ஒன்றை, எதற்காக வெண்கலத்தில் வார்த்தார்கள்? அப்போது நியூசிலாந்தில் வெள்ளையர் தொகை பல மடங்கு பெருகியிருந்தது, நிலத்தில் பெரும்பகுதி கைமாறியிருந்தது. நாங்கள் இந்த நாட்டைப் பிடுங்கவில்லை, அவர்களே மகாராணியிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ள அந்தக் காட்சி தேவைப்பட்டது. மகாராணியின் காலடியில், அவருடைய பெருமைகளில் ஒன்றாக அது வைக்கப்பட்டிருப்பதே அதைச் சொல்கிறது. இதற்கு ட்ரூரியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்து கொடுத்தார், நன்றாகவே செய்தார். ஆனால் கையெழுத்திடுகிற கை மட்டும் நினைவில் இருந்தால் போதும், என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது மறந்தாலும் பரவாயில்லை என்று நினைத்த ஒரு காலத்தின் வார்ப்பு அது.

மாவோரிகள் மறக்கவில்லை. ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு லண்டன் வரை மனுக்கொடுக்கப் போனார்கள், தலைமுறை தலைமுறையாக. 1975-இல் ஏறக்குறைய எண்பது வயதில் வினா கூப்பர் தலைமை ஏற்று, வடக்குத் தீவின் வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை நிலத்துக்காக ஒரு நடைப்பயணம் வந்தது. அதே ஆண்டு, ஒப்பந்தத்தை அரசு மீறியதாக மாவோரிகள் தரும் புகார்களை விசாரிக்க வைத்தாங்கி தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. 1985-இல் அதன் அதிகாரத்தை 1840 வரை பின்னோக்கி நீட்டினார்கள். நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு திறந்தது. 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு தரப்பும் கூட்டாளிகளைப்போல நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்றது. சூனியம் என்று சொன்னதிலிருந்து இங்கே வந்து சேர 110 ஆண்டு ஆயிற்று. 2014-இல் தீர்ப்பாயம் இன்னும் ஒரு படி போனது: 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட தலைவர்கள் தங்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் புல்வெளியில் தே கெமாரா பயந்ததும் கொலென்சோ கேட்டதும் இதைத்தான்.

சண்டை இப்போதும் சொற்களைச் சுற்றித்தான். தே பாப்பா அருங்காட்சியகத்தில் இரண்டு வாசகங்களையும் சுவரளவுக்குப் பெரிதாக்கி எதிரெதிரே மாட்டியிருந்தார்கள். இரண்டும் சம எடை கொண்டவைபோல அது காட்டுகிறது என்று பல ஆண்டு முறையீடு. 2023 டிசம்பரில் ஒரு குழுவினர் கயிற்றில் தொங்கி இறங்கி, ஆங்கிலப் பலகையின் எழுத்துகளைக் கருப்பு வண்ணம் பூசி மறைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைப் புதிதாக வரையறுக்க ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை எதிர்த்து வடகோடியிலிருந்து மறுபடியும் ஒரு நடைப்பயணம் கிளம்பியது. 2024 நவம்பர் 19 அன்று அது வெலிங்டனில் கூடிய இடம் வைத்தாங்கி பூங்கா. கென்ட் டெரஸ் கடலை நோக்கிப் போய் முடிகிற பக்கம், மகாராணி சிலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து நாடாளுமன்றம் வரை நடந்தார்கள். போலீஸ் கணக்குப்படி சுமார் 42,000 பேர். 2025 ஏப்ரல் 10 அன்று மசோதா 112-க்கு 11 என்ற வாக்கில் தோற்றது.

எலி கடித்த அந்த அசல் தாள்கள் இப்போது நாடாளுமன்றத்துக்கு அருகே, தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 2017 முதல் அங்கே ‘ஹே தோஹு’ என்ற காட்சியில் வைத்திருக்கிறார்கள். மேலும் சேதமாகாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்த அறை. கண் பழகிய பிறகுதான் எழுத்துகள் தெரியும். ஓரங்கள் அரித்துப்போன தோல் தாள் நடுவே பெயர்கள், குறிகள், முகத்தின் வளைவுகள். ஒன்பது தாள்கள். எட்டு மாவோரியில், ஒன்று ஆங்கிலத்தில்.